ஐந்து என்று எழுதியிருந்த கட்டு

ஜூன் 30, திங்கள்

ரெஜினா சிஸ்டரிடம் முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இந்த நோட்டில் என் எழுத்து ஒரு வரியில் பூசணிக்காய் அளவும் அடுத்த வரியில் எறும்பு அளவும் இருக்கும். கோட்டை விட்டு மேலே ஏறும், கீழே விழும். ‘ழ’ எழுதும்போது நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று என் மனைவி அங்கம்மா சொல்கிறாள். எழுதப் படிக்கக் கற்று ஒரு வருஷமும் ஐந்து மாதமும்தான் ஆகிறது. வயது அறுபத்திரண்டு. இதுவரை எழுதியதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கை வலிக்கிறது. ஆனால் மனசு குளிர்ந்திருக்கிறது.

இந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் எனக்கு இருபத்தாறு வருஷ வேலை. தரை துடைத்தேன், டிராலி தள்ளினேன், பிறகு துணி அறைக்கு வந்தேன். இப்போது நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டிருக்கிறது. தியேட்டருக்குள் கால் வைக்கிற எல்லோரும் ஆறு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அதனால் நான் மாணவன். தினமும் தியேட்டரில் நடந்ததை நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை சிஸ்டர் படித்துக் கையெழுத்துப் போடுவார்.

வகுப்பில் பதினோரு பேர். என் பக்கத்து இருக்கையில் ஃபர்வீன் என்ற பெண், பெரியகுளம், இருபது வயது. உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, “தாத்தா, நீங்க எந்தப் பேஷண்டுக்குத் துணைக்கு வந்தீங்க?” என்று கேட்டாள். நானும் படிக்கத்தான் வந்தேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் பாடத்தையே நிறுத்திவிட்டார். தியேட்டரில் எல்லோருக்கும் நான் சங்கிலியண்ணன். ஒரே நாளில் பத்துப் பேருக்குத் தாத்தா ஆகிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று முழுக்கக் கை கழுவினோம். வேறொன்றும் செய்யவில்லை.

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டும். பிறகு இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை குழாயைத் தொட்டேன். இரண்டாம் தடவை மூக்கைத் தொட்டேன். மூன்றாம் தடவை கண்ணாடி நழுவியது, அதைத் தள்ளிவிட்டேன். இருபத்தாறு வருஷமாக டாக்டர்கள் கழுவுவதைப் பார்த்து நின்றவன் நான். அவர்கள் யாருக்கும் மூக்கு அரித்ததே இல்லை.

“தாத்தா, மூக்கக் கழட்டி வெளிய வச்சுட்டு வாங்க” என்றாள் ஃபர்வீன். அவள் ஒரே தடவையில் முடித்துவிட்டாள்.

ஜூலை 2, புதன்

கருவிகளின் பெயர்கள். நாங்கள் கொக்கு, மொட்டை, பல்லுக்காரன் என்று பெயர் வைத்து இத்தனை வருஷம் நன்றாகத்தான் எடுத்துக் கொடுத்தோம். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக்காரன் பெயராம். செத்துப்போன வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தட்டில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பேர். ஒன்பது பேரை மனப்பாடம் செய்துவிட்டேன். மத்தியானம் ஒரு ஆபரேஷனில் டாக்டர் கனகசபாபதி அவசரத்தில் “கொக்கு குடும்மா” என்றார். ஃபர்வீன் திருதிருவென்று விழித்தாள். எது கொக்கு என்று நான் காட்டிக் கொடுக்கவில்லை. உள்ளுக்குள் ரொம்பத் திருப்தி.

ஜூலை 3, வியாழன்

இன்று நல்ல நாள்.

துணி அறையில் என் வேலை மாப் கட்டுவது. மாப் என்பது தரை துடைப்பது அல்ல. வயிற்றைத் திறக்கும்போது ரத்தத்தை ஒற்றி எடுக்கிற துணி. இங்கேயே வெட்டித் தைக்கிறோம். ஐந்து ஐந்தாக அடுக்கி, நூலால் கட்டி, கிருமி சாக ஆவிப் பெட்டியில் வைத்து எடுத்தால் தியேட்டருக்குப் போகும். இதுவரை கட்டுக்கு மேலே சிஸ்டர்தான் அட்டை எழுதி வைப்பார். இன்று முதல் கட்டுகிறவனே எழுத வேண்டும். மாப் 5. தேதி. கட்டியவர் சங்கிலி. இருபது அட்டை எழுதினேன். இருபது தடவை என் பெயர். ஒவ்வொன்றையும் கொஞ்சம் எட்ட வைத்துப் பார்த்தேன்.

உள்ளதையும் எழுதிவிடுகிறேன். ஆபரேஷன் தொடங்கும் முன் இரண்டு பேர் கட்டைப் பிரித்துச் சத்தமாக எண்ணிப் பலகையில் எழுத வேண்டும். தைத்து மூடும் முன் மறுபடி எண்ண வேண்டும். பாடம் அப்படித்தான். ஆனால் என் கட்டை யாரும் பிரித்து எண்ணுவதில்லை. ‘சங்கிலியண்ணன் கட்டா, அஞ்சு’ என்று பலகையில் போட்டுவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நாலா ஐந்தா என்று என் கைக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தப்பியது இல்லை.

ஜூலை 5, சனி

காலையில் கட்டு வேலை. புதிதாக ஒரு மைப் பேனா வாங்கியிருக்கிறேன். மைப் பேனாவில் எழுதினால் எழுத்துத் திருந்தும் என்று எங்கள் எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். அட்டைக்கு மார்க்கர்தான் போட வேண்டும், அது தெரியும். ஆனால் கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் பழகினேன். ‘ங்’ மேல் வைக்கிற புள்ளி எனக்குச் சரியாக விழுவதில்லை. பேனா ஒரு உதறு உதறி மையைக் கக்கியது. கையைத் துடைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நோட்டுகளைக் கொடுத்தோம். சிஸ்டர் நின்றபடியே பதினோரு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. நான் இந்த ஆறு பக்கத்தையும் எழுத எட்டு மணி நேரம் ஆனது. ஒரு வரியாவது படித்திருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

விடுமுறை. என் பையில் கிடந்த ஒரு துணியை அங்கம்மா துவைத்தாள். நீலம் போகவில்லை. எழுத்து இவ்வளவு சோப்புத் தின்னும் என்று முன்னமே சொல்லியிருந்தால் உங்களை வகுப்புக்கே அனுப்பியிருக்க மாட்டேன் என்றாள்.

ஜூலை 7, திங்கள்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டுமாம்.

வேலுத்தாய் என்ற அம்மா, கம்பம் பக்கம், திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை, நாற்பத்தைந்து வயது. கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். மேசையை ஆயத்தம் செய்தது ஃபர்வீன். கூட எண்ண வேண்டிய நர்ஸ் ஒரு பிரசவத்துக்கு ஓடிவிட்டாள். பலகையில் ஃபர்வீன் மாப் 15 என்று எழுதியிருந்தாள். மூன்று கட்டு. உபயோகித்த துணிகளைத் தரையில் விரித்து வரிசை வைப்பது என் வேலை.

மூடும் முன் எண்ணினார்கள். பதினாலு.

மறுபடி எண்ணினார்கள். பதினாலு. வாளியைக் கவிழ்த்தோம். மேசைக்கு அடியில், விளக்குக்குப் பின்னால், எல்லோருடைய செருப்புக்குக் கீழே பார்த்தோம். டாக்டர் கனகசபாபதி வயிற்றுக்குள் கையை விட்டுத் தேடினார். நாற்பது நிமிடம். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. நெற்றி வியர்வையை ஒற்றச் சொல்லக்கூட மறந்துவிட்டார். எங்கள் துணியில் எக்ஸ்ரேயில் தெரிகிற நூலும் கிடையாது. மயக்க டாக்டர், பிரஷர் இறங்குகிறது, இனி தாங்காது என்றார். மூடிவிட்டார்கள்.

சிஸ்டர் மூன்று அட்டையையும் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் என் பெயர். ஒன்றில் சனிக்கிழமைத் தேதி. “சங்கிலி கட்டுனா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு ஃபர்வீனைப் பார்த்தார். எண்ணினாயா என்று கேட்டார். எண்ணினேன் சிஸ்டர், பதினைந்து என்றாள் அவள்.

நான் வாளி கழுவப் போய்விட்டேன். வாளி ரொம்ப அழுக்காக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

துணி அறையில் இருக்கிற மாப் அத்தனையையும் எண்ணிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். ஒன்று குறைகிறது. அப்படியானால் அது அந்த அம்மா வயிற்றில்தான் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எல்லோரும் இப்படி அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு துணி எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

ஃபர்வீனைத் தியேட்டருக்குள் விடவில்லை. துணி உள்ளே இருப்பது உறுதியானால் அவள் பெயரைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவார்களாம். வகுப்பில் அவள் என்னைத் தாத்தா என்றுகூடக் கூப்பிடவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நல்லது என்று போன வாரம் நினைத்தேன். நல்லதாக இல்லை.

வேலுத்தாயின் வீட்டுக்காரர் மொக்கச்சாமி. ஒல்லியான மனுஷன். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். சாயந்திரமும் கேட்டார். மறந்துவிட்டாராம். அத்தனை பேர் நடமாடுகிற வராந்தாவில் என்னை ஏன் பிடித்துக்கொள்கிறார் என்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

ஒரே புழுக்கம். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

வேலுத்தாய்க்கு நேற்று சாயந்திரத்திலிருந்து காய்ச்சல். இன்று ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஏதோ நிழல் மாதிரித் தெரிகிறதாம். ரத்தமாகவும் இருக்கலாம், துணியாகவும் இருக்கலாம். சந்தேகத்தோடு விட முடியாது, நாளைக் காலை ஒன்பது மணிக்குத் திறந்து பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு நாளில் இரண்டாவது மயக்கம். ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு, தாங்குமா என்று மயக்க டாக்டர் கேட்டதும் என் காதில் விழுந்தது.

மாடிப்படியில் ஃபர்வீன் உட்கார்ந்திருந்தாள். நான் கடந்து போகப் பார்த்தேன். கூப்பிட்டாள்.

“தாத்தா, நான் எண்ணல. அட்டைல உங்க பேரு இருந்துச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. எண்ணாமல் எண்ணினேன் என்று ஏன் சொன்னாய் என்றேன். பாடத்தில் என்ன படித்தாய் என்றேன். நேரே சிஸ்டரிடம் போய்ச் சொல் என்றேன். சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அத்தா இனி எங்கேயும் படிக்க அனுப்ப மாட்டார் என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எண்ணிருந்தாலும் அஞ்சுதான இருந்திருக்கும்? உங்க கட்டு எப்பவாச்சும் தப்புனதுண்டா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். பொய் இல்லை. சனிக்கிழமை வரைக்கும் பொய் இல்லை.

வெளியே வந்தால் மொக்கச்சாமி. ஃபிளாஸ்க் கையில் இல்லை. நாளைக்கு மறுபடி கிழிக்கப் போகிறார்களாமே, எதுக்குங்க, முதலில் சரியாகச் செய்யவில்லையா என்று கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். கேட்டேன், அவர் சொன்னது விளங்கவில்லை, நீங்கள் உள்ளே வேலை பார்க்கிறவர் இல்லையா என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி, காலை ஆறு மணி

சிஸ்டருக்கு. இதை எழுதி முடித்ததும் நேரே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கப்போகிறேன். வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன். எழுத்து என்றால் நீங்கள் கடைசி வரை படிக்கலாம்.

சனிக்கிழமை துணி அறையில் ஐந்து மாப்பை அடுக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துப் பழகினேன். பேனா மையைக் கக்கியதும் மேலே இருந்த துணியை எடுத்துத் துடைத்தேன். மை பட்ட துணியைக் கட்டில் வைக்கக் கூடாது. நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள் என்று என் பையில் திணித்தேன். வேறொன்று எடுத்து வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்போது கண் முழுக்க அந்தப் புள்ளி மேலேயே இருந்தது. இந்தத் தடவை புள்ளி சரியாக விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மீதியைக் கட்டி அட்டையில் ஐந்து என்று எழு

ஜூலை 12, சனி

நேற்று அந்த வரியில் நிறுத்திவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மணி ஏழே கால். பத்து வரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது. இந்த வேகத்தில் முழுதும் எழுதி முடித்தால் மத்தியானம் ஆகிவிடும். அந்த அம்மாவை ஒன்பது மணிக்கு மேசையில் ஏற்றிவிடுவார்கள். முடித்துக் கொடுத்தாலும் சிஸ்டர் படிப்பாரா, நின்றபடியே கையெழுத்துப் போடுவாரா என்று யாருக்குத் தெரியும். என் கை மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சம் இல்லை. நோட்டை அப்படியே மூடினேன். கொடியில் கிடந்த துணியை உருவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அங்கம்மா பின்னாலேயே வந்து என்ன ஏது என்று கேட்டாள். அவளிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பது. தியேட்டர் வாசலில் டிராலியில் வேலுத்தாய் படுத்திருந்தார். மொக்கச்சாமி அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரையும் பார்க்காமல் உள்ளே போனேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். சிஸ்டர் பக்கத்தில் நின்றார்.

“ஐயா, திறக்க வேணாம். துணி இந்தா இருக்கு.”

டாக்டர் குழாயை மூடினார். கை சொட்டச் சொட்ட அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். கழுவிய கை என்பதை அவர் மறந்துவிட்டார். நீலக் கறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நாலைக் கட்டி ஐந்து என்று எழுதினேன் என்றேன்.

அப்போது சிஸ்டர் குறுக்கே பேசினார். ஃபர்வீன் பிரித்து எண்ணியிருக்கிறாளே, பதினைந்து இருந்தது என்கிறாளே, இது வேறு துணியாக இருந்தால் என்ன செய்வது, வயதானவர் அந்தப் பெண்ணுக்குப் பரிந்து வந்து சொல்கிறாரோ என்னவோ என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். மாடிப்படியில் அவள் சொன்னது என் வாய் வரைக்கும் வந்தது. அது அவள் சொல்ல வேண்டியது. ஆனால் அவள் சொல்லாவிட்டால் வயிற்றைத் திறந்துவிடுவார்கள். அப்போது நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஃபர்வீனைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வந்தாள். துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது. இருபது வருஷமாகத் தப்பாத கட்டு என்று நம்பித்தானே அவள் நாலு நாளாகத் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் திறக்கவே மாட்டாள் என்று நினைத்தேன்.

“நான் எண்ணல சார்” என்றாள். “அட்டையப் பாத்துப் பலகைல எழுதுனேன்.”

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவை வார்டுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். நிழலாகத் தெரிந்தது கட்டிய ரத்தமாகத்தான் இருக்கும், காய்ச்சலுக்கு மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றார். நான் நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியது நீதான் சங்கிலி, நான் கூட நிற்கிறேன் என்றார்.

வார்டில் வேலுத்தாயின் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். இரண்டாவது தடவை சொல்கிறபோது இன்னும் கஷ்டமாக இருந்தது. உங்கள் வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை, அந்தத் துணி என் வீட்டில் இருந்தது என்றேன். மொக்கச்சாமி என்னைப் பார்த்த மாதிரி என்னை யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாதான் பேசினார். குரல் காய்ச்சலில் உடைந்திருந்தது.

“இதச் சொல்ல நாலு நாளாச்சா உனக்கு?”

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, எழுதிக் கொடு என்றார். ஊருக்குப் போனால் வயிற்றில் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்றுதான் பேசுவார்களாம், ராத்திரி வலித்தால் தனக்கே அந்த நினைப்பு வருமாம், காகிதத்தில் இருக்க வேண்டுமாம். டாக்டர் உடனே, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் அம்மா என்றார்.

“உங்க எழுத்து மருந்துக் கடைக்காரனுக்குத்தான் வெளங்கும். அவரு எழுதட்டும். துணிய எடுத்தவரு அவருதான?”

டாக்டர் தன் பேனாவை என்னிடம் கொடுத்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக் கட்டில் விளிம்பில் வைத்து எழுதினேன். வார்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். டாக்டர் நின்றார். சிஸ்டர் நின்றார். வாசலில் ஃபர்வீன் நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுதியது இவ்வளவுதான்:

வேலுத்தாய் வயிற்றில் துணி இல்லை. துணி என்னிடம் இருந்தது. நான் நாலைக் கட்டி ஐந்து என்று எழுதினேன். சங்கிலி.

மொக்கச்சாமி வாங்கி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். அவரும் என்னைப் போலத்தான் படிக்கிறார். அந்த அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். இன்று காலை காய்ச்சல் இறங்கியிருக்கிறது. என்னிடம் பேசவில்லை.

துணி அறை வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஃபர்வீனையும் என்னையும் அனுப்பவில்லை. ஆனால் ஒரு மாதம் தியேட்டருக்குள் போகக் கூடாது, பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். திங்கட்கிழமை மறுபடி கை கழுவ வேண்டும். இனி யார் கட்டினாலும், அட்டையில் யார் பெயர் இருந்தாலும், இரண்டு பேர் பிரித்து எண்ணாமல் மேசைக்குப் போகாது. ஃபர்வீன் என்னோடு பேசுகிறாள், ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் இல்லை. இன்று வகுப்பில் என் முன்னால் ஒரு கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஐந்து வந்தது. இன்னொரு தடவையும் எண்ணினாள்.

மத்தியானம் சிஸ்டர் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். என் கட்டை யாரும் எண்ணுவதில்லை என்று எழுதிய பக்கத்தில் நின்றுவிட்டார். இரண்டு பக்கம் தள்ளி அவருடைய கையெழுத்து இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை படித்துவிட்டுப் போடுகிறேன் என்றார்.

வேலுத்தாய் திங்கட்கிழமை ஊருக்குப் போகிறார். புதன்கிழமை தையல் பிரிக்க வருவார். அன்றைக்கு அவர் நடந்து வருகிறாரா, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். பேசினாலும் திட்டினாலும் உள்ளபடி அடுத்த வாரம் எழுதுகிறேன்.